பிள்ளை மடுவத்து வாசலில் ஐந்து நிமிடம்

(கண்டியில் நடந்த மாதர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாம் கூடினால் பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம். இன்று பிள்ளை மடுவத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் தொழிற்சங்க விடயம்தான்.

ஹந்தானையோ கலஹாவோ, தெல்தோட்டையோ புசல்லாவையோ ரங்கலையோ, நமக்குக் காலை நேரம் ஒரே மாதிரிதான். சமைத்து வைத்து, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மடுவத்து வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, பையைக் கொடுத்துவிட்டு, மலைக்கு ஏறுகிறோம். பிந்தினால் பேர் அரையாகிவிடுமோ என்ற பயம். பிள்ளை இரவெல்லாம் இருமியதைச் சொல்ல நேரமில்லை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது டீச்சரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார். பகலில் பிள்ளை சாப்பிடவில்லை என்பதை அவரும் சொல்வதில்லை. பிறகு காய்ச்சல் கூடினால், "நீங்க ஏன் சொல்லல?" என்று இரண்டு பக்கமும் சண்டை.

இந்தச் சண்டைக்குக் காரணம் யாருடைய கெட்ட மனமும் இல்லை. பேச நேரம் இல்லை, பேசும் முறையும் பழகவில்லை. இரண்டையும் நாம் சரிசெய்யலாம்.

முதலில் தாய்மார் பக்கம். காலையில் நான்கு விடயங்களை மறக்காமல் சொல்வோம்: இரவு தூங்கியதா, காலையில் என்ன சாப்பிட்டது, உடம்பு எப்படி, மாலையில் கூட்டிப்போக யார் வருவார். மருந்து கொடுத்தனுப்பினால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைத் துண்டில் எழுதிக் கொடுப்போம். எழுத வராதென்றால் டீச்சரை எழுதச் சொல்லி, திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்போம். வழக்கமாக வருபவர் அல்லாமல் வேறு யாராவது பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால், முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வருபவர் கையில் பிள்ளையைக் கொடுக்க டீச்சர் மறுத்தால், அவர் பக்கம் நிற்க வேண்டியது நாம்தான்.

தாய் வெளிநாட்டுக்குப் போயிருக்கும் வீடுகளும் நம்மிடம் நிறைய. அங்கே பிள்ளையை வளர்ப்பது அம்மாயி அல்லது அப்பாயி. "அம்மா கிட்ட சொல்லுங்க" என்று அவர்களைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அன்றைய தகவல் முழுவதும் அவர்களுக்கே சொல்லப்பட வேண்டும். அப்பாமாரும் இதில் பங்கெடுக்க வேண்டும். பிள்ளையைப் பற்றிக் கேட்பது பெண்ணுக்கு மட்டும் எழுதி வைத்த வேலை இல்லை.

அடுத்தது டீச்சர்மார் பக்கம். உத்தியோகத்தர் என்றும் தொழிலாளி என்றும் தோட்டத்தில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு மடுவத்து வாசலுக்குள் வரக் கூடாது. தன்னைவிட வயதில் மூத்த தாயை "நீ, வா, போ" என்று பேசினால் அவர் அடுத்த நாள் வாய் திறக்க மாட்டார். வாய் திறக்காவிட்டால் பிள்ளையின் நோய் தெரியாமல் போகும்.

குறையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. எல்லாரும் நிற்கும்போது, "உங்க புள்ள கடிக்கிற புள்ள" என்று சொன்னால் தாய் கூனிக் குறுகிப் போவார், இல்லையென்றால் சண்டைக்கு வருவார். அதையே தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இன்னைக்கு விளையாட்டுச் சாமானுக்குப் போட்டி வந்து தம்பி கடிச்சிட்டான். வீட்டிலயும் இப்படிச் செய்றானா? ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். விடயம் ஒன்றுதான். கேட்கும் மனம் வேறாகிவிடும்.

டீச்சரும் ஆயாவும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் முக்கியம். ஒரு கொப்பி போதும். பிள்ளையின் பேர், சாப்பாடு, தூக்கம், மருந்து என்று எழுதி வைத்தால், ஒருவர் லீவில் போனாலும் மற்றவருக்குத் தெரியும். கருத்து வேற்றுமையைப் பிள்ளைகளின் முன்னால் தீர்க்க வேண்டாம்.

கண்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிராமத்துச் சிங்களச் சகோதரிகளும் கொழுந்தெடுக்க வருகிறார்கள். அவர்களிடம் மெதுவாகப் பேசுவோம், புரிந்ததா என்று கேட்போம். நோய், காயம் போன்ற விடயங்களுக்குச் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

இன்னொன்று. மடுவத்தில் சொன்ன வீட்டுக் கதை பீலிக்கரைக்குப் போகக் கூடாது. ஒரு தடவை போனால் அந்தத் தாயின் நம்பிக்கை திரும்பி வராது. ஆனால் பிள்ளைக்கு யாராவது துன்பம் செய்கிறார்கள் என்று தெரிந்தால், அதை இரகசியம் என்று மூடி வைக்கவும் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம்.

இனி நேரத்தைப் பற்றி. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு வேலைநாளில் இரண்டு இடைவேளைகள் உண்டு. மடுவம் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மடுவம் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது யாரும் போடும் பிச்சை இல்லை. பால் கொடுக்கும் அந்த நேரமே டீச்சரிடம் ஆறுதலாகப் பேசவும் நல்ல நேரம்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன வழி? காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், பேரை வெட்டாமல் கொடுக்க வேண்டும் என்று தோட்டக் கமிட்டி கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை பெற்றோர் கூட்டம், அதுவும் சம்பளம் இழக்காத நேரத்தில், நடக்க வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன காலத்தில் உருவான, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அழைக்கப்படும் அமைப்பில் அரசு, கம்பனிகள் ஆகியவற்றோடு தொழிற்சங்கங்களுக்கும் இடமுண்டு. அங்கேயும் இந்தக் கோரிக்கை போக வேண்டும்.

ஒரு விடயத்தில் கவனமாக இருப்போம். கூரை ஒழுகினாலும், தண்ணீர் வராவிட்டாலும், ஆயா போதாவிட்டாலும் அது டீச்சரின் குற்றமில்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தான். அவரோடு சண்டை போடுவதை விட்டு, அவரையும் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்திடம் போவோம்.

ஊருக்குத் திரும்பியதும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் மடுவத்தில் கொப்பி இருக்கிறதா? பேச நேரம் இருக்கிறதா? இல்லை என்ற பதில் வந்தால், வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.