ஓடும் வீட்டில் ஒரு தட்டு



வீட்டு அலுமாரியுள் ஒரு தட்டு அமைப்பது எளிய வேலை. இரு பக்கமும் சட்டம் பொருத்தி, மேலே பலகையை வைத்தால் போதும். பாரம் கீழ்நோக்கியே அழுத்துகிறது. பலகை அதனைத் தாங்குகிறது. அந்த அலுமாரி ஓடும் வண்டிக்குள் இருக்குமாயின், நிலைமை வேறு.

குடும்பத்தோடு தங்கிப் பயணஞ் செய்வதற்கென உள்ள வீட்டு வண்டியைக் காம்பர் வான் என்பர். அவற்றுள் புகழ்பெற்றது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வண்டி. ஒல்லாந்து நாட்டு வணிகர் பென் பொன் 1947ஆம் ஆண்டிலே கீறிய ஒரு சிறு படமே அதற்கு வித்து. 1950இல் உற்பத்தி தொடங்கிற்று. 1951இல் வெஸ்ற்பாலியா நிறுவனம் அதற்கேற்ற வீட்டுத் தளபாடங்களைச் செய்தளித்தது. இத்தகைய வண்டியில் இடம் சுருக்கம். அலுமாரியுள் ஒரு தட்டைக் கூட்டினால், ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவியும் பொருள்கள் ஒழுங்குபெறும்.

ஆயினும், வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது பொருள்கள் மேலெழும்பும். வளைவிலே பக்கவாட்டில் நகரும். உலர்ந்த தெருவில் பிரேக்கைப் பலமாக அழுத்தினால், பொருளின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு விசை அதனை முன்னே தள்ளும். வீட்டில் அசையாதிருக்கும் தகரப்பேணி, இங்கே குழந்தையின் தலையைத் தாக்கும் கல்லாகலாம். ஆகவே தட்டினைப் பாரத்துக்காக மட்டுமன்றி, அசைவுக்காகவும் அமைத்தல் வேண்டும்.

முதலிலே அளவு. வண்டியின் பக்கங்கள் வளைந்திருத்தலால் அளவுகோலை மட்டும் நம்புதல் ஆகாது. தடித்த அட்டையை உள்ளே பொருந்தும்வரை வெட்டி, அதனையே மாதிரியாகக் கொள்க. ஒட்டுப்பலகையைச் சுற்றிலும் 2 மில்லிமீற்றர் குறைத்து வெட்டினால், உராய்ந்து கிறீச்சிடாது.

அடுத்தது உறுதி. பலகையின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் வளைவு எட்டிலொன்றாகும். ஆனால் எடையும் இருமடங்காகும். எனவே 9 மில்லிமீற்றர்ப் பலகையின் முன்விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை நிமிர்த்தி ஒட்டுக. அது பலகை தொய்யாமற் காக்கும். மேலே சிறிது உயர்ந்து நின்று பொருள்கள் விழாமலும் தடுக்கும். ஒரு சட்டம், இரு பயன்.

தாங்குசட்டங்களுக்கு ஆணி உதவாது; அதிர்ச்சியில் அது கழன்றுவிடும். பசையிட்டுத் திருகாணியால் இறுக்குக. அலுமாரிப் பலகை 12 மில்லிமீற்றரும் சட்டம் 18 மில்லிமீற்றரும் ஆயின், 25 மில்லிமீற்றர்த் திருகாணி மறுபுறம் வெளிவராது. துளையிடுமுன் பின்னால் மின்கம்பியோ குழாயோ உளவா என்று பார்த்துக்கொள்க. பின்பு சட்டத்தின் கீழிருந்து மேல்நோக்கித் திருகாணி செலுத்தித் தட்டைப் பிணைத்திடுக. இதனை மறந்தால், முதற் பள்ளத்திலேயே தட்டு துள்ளும்.

இன்னுமொரு எச்சரிக்கை. சமையல் வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் கீழே தேங்கும். வாயுக்கலம் உள்ள அலுமாரியின் அடியிலுள்ள காற்றுத் துவாரத்தைத் தட்டாலோ பொருளாலோ ஒருபோதும் அடைத்தல் கூடாது.

தட்டு அமைந்தபின் அதன் பயனும் முறையாக இருத்தல் வேண்டும். தண்ணீர்க்கலமும் இரும்புச்சட்டியும் அடியில் இருக்கட்டும். துணியும் பாணும் மேலே செல்லட்டும். பாரம் உயர உயர, வளைவிலே வண்டி சரியும் இயல்பும் கூடும். புறப்படுமுன் கதவின் கொளுக்கியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நிற்கும் வீட்டில் ஒழுங்கு அழகுக்காக. ஓடும் வீட்டிலோ, அது உயிர்க்காப்புக்காக.