கட்டடம் எழும்பிய பிறகு கத்தி என்ன பயன்?



பெரிய பேரங்காடி நம் ஊருக்கு வேண்டுமா, வேண்டாமா? பத்து பாகாட்டில் இந்தக் கேள்வியை எழுப்பினால் உடனே இரண்டு கட்சி பிறந்துவிடும். மளிகைக்கடைக்காரர் ஒரு பக்கம். மாதச் சம்பளத்தில் அரிசி, எண்ணெய், பால்மாவு வாங்கும் இல்லத்தரசி மறுபக்கம். அந்த அம்மாவைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொட்டலத்தில் ஐம்பது காசு மிச்சமானாலும் அது பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும்.

ஆனால் சம்பளம் தாமதமான மாதத்தில், நோட்டுப் புத்தகத்தில் பெயரை எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் யார்? தோட்டத்தை விட்டு யோங் பெங்கிலும் பாரிட் ராஜாவிலும் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த நோட்டுதான் வங்கி. பேரங்காடியில் கடன் கிடையாது. கடன் அட்டை உண்டு. அது வேறு கதை!

அரசாங்கத்துக்கும் இது தெரியாத விஷயமல்ல. 2004 ஜனவரி முதல் ஐந்தாண்டுகளுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் ஜொகூரிலும் புதிய ஹைப்பர்மார்க்கெட்டுகளுக்குத் தடை என்று 2003இல் அறிவித்தார்கள். சிறு வியாபாரிகளின் முறையீடுதான் காரணம். தடைக்காலம் போய்விட்டது, பேரங்காடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெயர்ப்பலகைகள் மட்டும் மாறின. கார்ஃபூர் 2012இல் ஏயோன் கைக்குப் போனது. டெஸ்கோ 2021இல் லோட்டஸ் ஆனது. பெரிய நிறுவனம் விற்றுவிட்டுப் போகலாம், பக்கத்து மளிகைக்கடைக்காரர் எங்கே போவார்?

வெளிநாட்டில் மக்களே முடிவெடுத்த இடமும் உண்டு. அமெரிக்காவில் இங்கல்வூட் என்ற ஊரில் வால்மார்ட் கடைக்கான திட்டத்தை 2004 ஏப்ரலில் வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், மேம்பாட்டு விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். உள்ளூர்த் திட்டம் இருக்கும் இடத்திலோ அந்தப் பிரிவு உதவாது. திட்டத்தில் அந்த நிலத்துக்கு 'வாணிகம்' என்று வர்ணம் பூசியபோதே பாதி காரியம் முடிந்துவிட்டது. நாமோ வேலி அடைத்து, மண் லாரி வந்த பிறகுதான் கூட்டம் கூட்டுகிறோம்.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு. கடைக்காரர் சங்கமும் குடியிருப்பாளர் சங்கமும் அப்போதே போய் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். எந்தச் சாலையில் நெரிசல் வரும், எந்தக் கால்வாய் நிரம்பும் என்று எழுத்தில் கொடுங்கள். நேரில் விளக்க விரும்புகிறோம் என்று ஒரு வரியும் சேருங்கள்; அப்படிக் கேட்டு எழுதியவர்களைத்தான் விசாரணைக்கு அழைப்பார்கள்.