தைராய்டு: படித்ததும் பட்டதும்



விலங்கியல் தேர்வில் தைராய்டு சுரப்பியைப் படம் வரைந்து, பாகம் குறித்து, பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கினவள் நான். (அந்த ஒரு மார்க் எதற்குக் குறைந்தது என்று இன்றுவரை தெரியாது!) அதே சுரப்பி என் கழுத்துக்குள்ளேயே மக்கர் செய்தபோது, இரண்டு வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

நாற்பது வயசு. காலையில் எழுந்தாலே அசதி. மலச்சிக்கல், முடி கொட்டுதல். சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்லுவேன். சாப்பாடு குறைந்தும் எடை ஏறியது. "வயசாகுதுல்ல" என்றார் அக்கா. "நாலு வேலை செஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்றார் மாமியார். நானே என்னைச் சோம்பேறி என்று நம்ப ஆரம்பித்துவிட்டேன். இந்த நோயின் பொல்லாத்தனமே அதுதான். ஒவ்வொரு தொந்தரவுக்கும் வேறு ஏதாவது காரணம் சொல்லிவிடலாம்.

கடைசியில் ஒரு டாக்டர் டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னார். 48 வந்தது. "அப்போ தைராய்டு அதிகமா சுரக்குதா டாக்டர்?" என்று கேட்டேன், விலங்கியல் பட்டதாரி! டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவதல்ல, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி போடுகிற அதட்டல். ஆள் மந்தமானால் மேஸ்திரியின் சத்தம் கூடும் அல்லவா? அப்படித்தான். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இருக்கலாம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஃப்ரீ டி4 குறைவாக இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய் என்றார்கள்.

மாத்திரை போட்டேன். மூன்று மாசத்தில் டி.எஸ்.எச். 3 ஆனது. ரிப்போர்ட் நார்மல் என்றதும், யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். அந்த நார்மலே மாத்திரை தந்ததுதான் என்று தோன்றவில்லை. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற டாக்டர் ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். சிகிச்சையை விடாமல் தொடர்ந்து அந்த அம்மாள் 74 வயசு வரை இருந்தார். நான் மூன்றே மாசம்!

ஐந்து மாசம் கழித்து, மொபெட் ஓட்டும்போதே கண் சொக்கி விழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு முழங்கை முறிந்தது.

அன்றிலிருந்து ஒழுங்கு வந்தது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் அரைமணி முதல் ஒரு மணி நேரம் காபி கிடையாது (நம்ம ஊரில் இதைவிடப் பெரிய தியாகம் எது?). இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி இடைவெளி. அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட். அவசரப்பட்டு எடுத்தால் சரியான கணக்கு தெரியாது. முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ரிசல்ட்டையே புரட்டிவிடும்.

மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. முதல் மாதங்களில் கருவிலிருக்கும் குழந்தைக்கு வேண்டிய தைராக்சின் அம்மாவிடமிருந்துதான் போகிறது. மாத்திரை சாப்பிடுகிற பெண் கர்ப்பம் என்று தெரிந்ததுமே டாக்டரைப் பார்க்கணும். பெரும்பாலும் அளவைக் கூட்டுவார்கள். "வயித்துல புள்ளை இருக்கு, மாத்திரை ஆகாது" என்று வீட்டில் யாராவது சொல்லுவாங்க. நிறுத்தாதீங்க.

சந்தேகம் இருக்கிறவங்க மத்தியானப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு வாங்க. என் மகளும் வந்திருக்கிறாள். அந்தக் கை இன்னும் முழுசாய் நீளாது. காலையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறது அவள்தான்.