மொத்தத் தொகையா, மாதத் தொகையா?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் முழங்கும் மேடையில் ஓய்வூதியக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் புலவரல்லோம், பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் பேரேடு புரட்டும் குமாஸ்தாக்கள். அறிந்ததைத்தானே கூற இயலும்?

1957ஆம் ஆண்டுக்கு முன் ரயில்வே ஊழியருக்குச் சேமநிதியே கதி. ஓய்வு நாளில் தம் பங்கும் ரயில்வேயின் பங்கும் வட்டியோடு ஒரே தொகையாய்க் கைக்கு வரும். அத்துடன் உறவு முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 16 முதல் பணியிற் சேர்ந்தோர்க்கு ஓய்வூதியம் என்றாயிற்று. முன்னரே பணியிலிருந்தோர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். அவ்வாய்ப்பு பின்னரும் பன்முறை அளிக்கப்பட்டது. ஆயினும் சேமநிதியையே பற்றி நின்றோர் பலர். அவர்களைப் பேதையர் என்று நாம் சொல்லோம். அன்றைய ஓய்வூதியம் சிறிது. மகள் திருமணமும் ஊரில் ஒரு காணியும் மொத்தப் பணத்தையன்றோ கேட்டு நின்றன!

விலைவாசி ஏறிற்று. ஓய்வூதியம் பெற்றோர்க்கு அகவிலைப்படியும் உடன் ஏறிற்று. மொத்தமாக வாங்கியவர் கையிலிருந்ததோ கரைந்தது. அவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். கிருஷேண குமார் வழக்கு எனப்படும் அதில், 1990 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இவ்விரு சாராரும் வெவ்வேறு வகுப்பினர் என்று கூறிக் கோரிக்கையைத் தள்ளிற்று. என்றோ இட்ட ஒரு கையெழுத்து, முதுமை முழுவதையும் தீர்மானித்துவிட்டது.

அக்கேள்வி இன்று வேறு உருவில் நம் வாயிலில் நிற்கிறது. 2004 ஜனவரி 1 முதல் பணியிற் சேர்ந்த நம்மனோர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தினர். அதில் 60 வயதில் திரண்ட நிதியின் 60 விழுக்காடு வரை கையில் பெறலாம்; எஞ்சியதைக்கொண்டு ஆண்டுத்தொகை வாங்கவேண்டும். அதற்கு அகவிலைப்படி இல்லை. 2025 ஏப்ரல் முதல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்திலோ, 25 ஆண்டு பணி முடித்தோர்க்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியிற் பாதி உறுதி, அகவிலைப்படியும் உண்டு. ஊழியர் மறைந்தால் துணைவியார்க்கு அதில் 60 விழுக்காடு. இதற்கு மாறும் அவகாசம் 2025 நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது. பங்குச் சந்தை ஓங்கினால் பழைய திட்டமே இலாபம் என்பார் உளர். ஓங்கலாம். 80 வயதில் மருந்துக்கடைக்குச் செல்பவர் சந்தையின் ஏற்றத்துக்குக் காத்திருக்க இயலுமா என்பதே நம் கேள்வி. எனவே உறுதியான மாதத் தொகையே நம் கட்சி.

மொத்தத் தொகை வாங்கியபின்னும் இடர் உண்டு. நம் நகரத்துப் பசவனகுடியில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஸ்ரீ குரு ராகவேந்திர கூட்டுறவு வங்கியில் பணம் போட்ட முதியோர் பலர். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. ஒருவர் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. வட்டி கூடுதல் என்று ஆயுட்காலச் சேமிப்பு முழுவதையும் அங்கே இட்டோர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அப்போது வைப்புக் காப்பீடு ஒரு லட்சமே. பிப்ரவரியில் ஐந்து லட்சமாயிற்று. ஒரே வங்கியில் முப்பது லட்சம் இட்டவருக்குக் காப்பு எவ்வளவு என்பதைச் சிறுவரும் கழித்துச் சொல்வர். அஞ்சலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 முதல் 30 லட்சம் வரை இடலாம். மும்மாதத்துக்கொருமுறை வட்டி வரும். பகட்டில்லை, அரசின் பொறுப்பு உண்டு.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வாரிசு நியமனப் படிவத்தில் இன்னும் மாமியார் பெயரே இருக்கும் வீடுகள் நம் காலனியில் உண்டு! திருமணத்துக்கு முன் எழுதியது, திருத்த நேரமில்லையாம். இன்றிரவே கேட்டுப் பாருங்கள். சேவைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலுள்ளபடியே உள்ளனவா என்றும் பாருங்கள். ஓரெழுத்துப் பிழைக்காகக் கைம்பெண்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவதைக் கண்டிருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புவோர் சம்பளச் சீட்டுடன் ஞாயிறு காலை சங்க அறைக்கு வரலாம், நாமும் அங்கிருப்போம்.