மண்ணுக்குள் இருக்கும் கதகதப்பு

விடியற்காலையில் கிணற்று நீரில் குளித்திருப்போம். காற்று சில்லென்றிருக்கும், நீரோ வெதுவெதுப்பாக இருக்கும். மண்ணின் ஆழத்தை வெயிலும் குளிரும் எளிதில் எட்டுவதில்லை.

சுவீடன் நாட்டில் குளிர்காலத்தில் ஏரிகூட உறைந்துவிடும். வீட்டைச் சூடாக்காமல் அங்கே வாழ முடியாது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெய் எரித்துக் குளிர்காய்ந்த குடும்பங்கள் திண்டாடின. பிற்காலத்தில் பலர் வீட்டு முற்றத்திலேயே 100, 200 மீட்டர் ஆழத்திற்குப் பாறையைத் துளைத்துக் குழாய் இறக்கினார்கள்.

அந்த ஆழத்தில் ஏறக்குறைய 7 டிகிரிதான். இதில் ஏது சூடு என்று கேட்கத் தோன்றும். நம் ஐஸ் பெட்டியும் குளிர்ந்த இடத்திலிருந்துதானே சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது! குழாயில் ஓடும் உறையாத திரவம் மண்ணின் வெப்பத்தை ஏந்தி வருகிறது. இயந்திரத்திலுள்ள வாயு அதை வாங்கிக்கொள்கிறது. மின்சாரம் அந்த வாயுவை அழுத்த, அது நன்றாகச் சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல; பம்பு சுடுமல்லவா?

ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பம் கிடைக்கிறது. துளையிடும் செலவுதான் பெரிது. அதை மிச்சம் பிடிக்க ஆழத்தைக் குறைத்தால், மண் ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்துபோகும், மின்கட்டணம் ஏறிவிடும்.