மேல்படி இடிந்தால் கீழ்படி நிற்காது!

(நீலகிரி சிறு தேயிலை, மலைக்காய்கறி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

பசுந்தேயிலைக்கு விலை கேட்டுப் பல தடவை கூடியிருக்கோம். கேரட்டுக்கும் கிழங்குக்கும் விலை கேட்டும் கூடியிருக்கோம். இன்றைக்குப் பேச வந்தது விளைச்சலைப் பற்றி அல்ல. அந்த விளைச்சல் நிற்கிற படிக்கட்டு நிலத்தைப் பற்றி.

சுற்றுலா வருகிறவர்கள் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் அது இயற்கையாக அமைந்த அழகு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து, கல் சுமந்து உண்டாக்கியது.

முன்பு நம் மலையில் சாமை, ராகி, கோதுமை விதைத்தார்கள். சில வருஷம் விதைப்பார்கள், பிறகு நிலத்தை ஆறப் போடுவார்கள். 1819-ல் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு உருளைக்கிழங்கும் இங்கிலீஷ் காய்கறியும் பரவின. காசு வந்தது, நிலத்துக்கு ஓய்வு போனது. கிழங்குக்காக மண்ணை ஆழமாகக் கிளறி, மேலிருந்து கீழாகப் பார் பிடித்தோம். பெய்த மழையெல்லாம் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போனது. 1954-ல் ஊட்டியில் மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. சரிவை வெட்டிப் படியாக்குங்கள் என்று அரசும் சொன்னது. நாமும் வெட்டினோம்.

1961-ல் கிழங்கில் நூற்புழு கண்டுபிடித்தார்கள். 1965-ல் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக இண்ட்கோசர்வ் அமைந்தது. கிழங்கு போட்ட படிகளில் தேயிலை ஏறியது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்து பெரிய சந்தை போச்சு. அந்தப் பத்தாண்டின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தது. சிலர் செடியைப் பிடுங்கித் திரும்பவும் கேரட் போட்டோம். சிலர் நிலத்தைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. வயிறு இருக்கே!

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளணும். பயிர் மாறலாம், படி மாறக் கூடாது. ஏன்?

நம்மைப் போல மழை அதிகமான மலையில் படியை வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுவதில்லை, உள்பக்கம் சாய்த்து வெட்டணும். பெய்கிற தண்ணீர் கரையைத் தாண்டி விழாமல் உள்மூலைக்கு வரும். அங்கிருந்து சின்ன வாய்க்கால் வழியாகப் பக்கவாட்டில் போய், புல் முளைத்த பொது வடிகாலில் இறங்கும். அந்த வடிகால் ஒருத்தர் நிலத்தில் தொடங்கி, பத்துப் பேர் நிலத்தைத் தாண்டி ஓடைக்குப் போகும். பட்டா தனித்தனி, தண்ணீருக்குப் பட்டா கிடையாது. மேலே ஒரு படி தரிசாகி வாய்க்கால் தூர்ந்தால், தண்ணீர் கல்கட்டுக்குப் பின்னால் தேங்கும். மண் ஊறிக் கனத்துக் கல்லைத் தள்ளும். அது கீழே இருக்கிற ஏழையின் கேரட் மேல்தான் விழும்.

இப்போது இன்னொரு ஆபத்து. படி மட்டமாக இருப்பதால் கட்டடம் கட்டவும் வசதி! காட்டேஜ், ரிசார்ட் என்று நிலம் தேடி வருகிறார்கள். இரண்டு மூன்று படியை இயந்திரத்தால் ஒன்றாக வெட்டினால் பின்னால் செங்குத்தாக மண்சுவர் நிற்கும். வடிகால் மேல் கான்கிரீட் விழும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்து நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழை திரும்ப வராது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

ஒரு மழையில் நம் ஊரில் ஐந்து பேர் கல்கட்டு சரிந்தது. மனு கொடுத்தோம். கணக்கெடுக்க வந்தவர் பயிரை மட்டும் எழுதினார். "கல்கட்டை எழுதுங்க சார்" என்றோம். "அது பயிர் இல்லையே" என்றார்! கல்கட்டு இல்லாமல் அடுத்த போகம் எங்கே போடுவது? வீட்டு நகையை வைத்துத்தான் கட்டினோம்.

நம் படி பிடித்து வைக்கிற மண், நமக்கு மட்டும் உதவவில்லை. அந்த மண் இறங்கினால் குந்தா, எமரால்டு அணைகளில்தான் சேரும். பவானியில் இறங்குகிற தண்ணீரும் கலங்கும். மின்சாரம் எடுப்பவர்கள், கீழே பாசனம் செய்பவர்கள் எல்லாருக்கும் கூலி வாங்காமல் காவல் காக்கிறோம். ஆகவே நாம் கேட்பது பிச்சை இல்லை, செய்த வேலைக்குக் கூலி!

நமது கோரிக்கைகள்:

1. சிறு, குறு விவசாயிகளின் கல்கட்டு, வாய்க்கால் பராமரிப்பைக் கிராம வேலைத் திட்டத்தில் சேர்த்துக் கூலி கொடு!
2. நிலத்தில் மண், கல் மூடினாலும், சரிவில் நிலமே போனாலும் உதவி தர பேரிடர் நிவாரண விதியில் இடம் இருக்கிறது. அதன்படி சர்வே எண் வாரியாகக் கணக்கெடு!
3. பொது வடிகால்களை அளந்து வரைபடத்தில் ஏற்று! அதன் மேல் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்காதே!
4. பசுந்தேயிலைக்கும் மலைக்காய்கறிக்கும் கட்டுபடியாகும் விலை கொடு! விலை இல்லாமல் படி நிற்காது!

அரசிடம் கேட்கும் முன் நாமும் ஒரு முடிவெடுப்போம். பருவமழைக்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து, ஊரின் பொது வடிகாலைத் தூர் வாருவோம். வெளியூர் போனவர் நிலத்து வாய்க்காலையும் அவரிடம் சொல்லிவிட்டு நாமே திறந்துவிடுவோம். அவர் திரும்பி வரும்போது நிலம் இருக்கணும் இல்லையா?

ஒரு படி தனியாக நிற்காது. ஒரு விவசாயியும் தனியாக நிற்க முடியாது.

ஒன்றுபடுவோம்! மலையைக் காப்போம்! உரிமையை வெல்வோம்!