எபிசோட் 31: உங்க எம்.டி.பி.க்கு எந்த டயர்?

(பேச்சை எழுத்தாக்கும்போது சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பாடியிலிருந்து பேசுறேன். போன எபிசோடுல செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கறதைப் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ப்ரோ, எம்.டி.பி. வாங்கிட்டேன், மிதிக்கவே முடியல, ரொம்ப ஹெவியா இருக்கு. கியரை மாத்தணுமா, சைக்கிளையே மாத்தணுமா?"

ரெண்டும் வேண்டாம். முதல்ல கீழ குனிஞ்சு டயரைப் பாருங்க. நம்ம அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல தூசி படிஞ்சு நிக்கிற, பால்கனியில ஈரத்துணி காயப்போட உதவுற முக்கால்வாசி எம்.டி.பி. அங்க போய்ச் சேர்ந்ததுக்குக் காரணம் டயர்தான். வாங்கினவர் சோம்பேறினு வீட்டுல சொல்லுவாங்க. அவர் பாவம், தார் ரோட்டுல பட்டன் டயரை மிதிச்சிட்டு இருந்தார்.

ஒரு சின்ன வரலாறு சொல்லிடறேன். மவுண்டன் பைக்னு ஒண்ணு பிறந்ததே டயராலதான். 1970கள்ல கலிபோர்னியாவுல, மரின் கவுண்டி பக்கம், சில பசங்க மலையில இருந்து மண் பாதையில சைக்கிள்ல இறங்க ஆரம்பிச்சாங்க. 1976ல அங்க ‘ரீபேக்’னு ஒரு ரேஸே தொடங்கிச்சு. அவங்க எடுத்தது புது சைக்கிள் இல்ல. 1930கள், 40கள்ல வந்த பழைய ஷ்வின் மாதிரியான கனமான வண்டிங்க. ஏன்னா அதுல 2.125 இன்ச் பலூன் டயர் போட இடம் இருந்தது. அந்த டயரை ஷ்வின் 1933ல அமெரிக்காவுல கொண்டுவந்தாங்க. மலையைத் தாங்கற டயர் எந்த ஃபிரேமுக்குள்ள நுழையுதோ, அதுதான் மவுண்டன் பைக் ஆச்சு. சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் பிறகு வந்த விஷயம்.

நம்ம ஏரியாவுக்கும் இதுல பங்கு இருக்கு. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து ஆரம்பிச்ச டி.ஐ. சைக்கிள்ஸ் இருக்கறது அம்பத்தூர்ல. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அவங்கதான். லாரிக்கும் காருக்கும் வீல் பண்ற வீல்ஸ் இந்தியா பாடியில. டன்லப் டயர் தொழிற்சாலையும் அம்பத்தூர்ல இருந்தது. அட்ரஸ் சொல்லும்போது "டன்லப் எதிர்ல"னு சொல்ற பெரியவங்க இன்னிக்கும் இருக்காங்க. ஃபிரேம், வீல், டயர் மூணும் பார்த்த ஊருங்க. ஆனா டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு கேட்டா, "கட்டை விரலால அமுக்கினா அமுங்கக் கூடாது"ங்கற ஒரே பதில்தான் கிடைக்கும்.

அங்கேருந்தே ஆரம்பிப்போம். காத்துக்குக் காசு இல்லையே.

சைக்கிள் கடை அண்ணன் அன்பா "தம்பி, கல்லு மாதிரி அடிச்சிருக்கேன், ஒரு மாசம் கவலை இல்ல"ம்பார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அவர் கைக்கு வர்றதுல முக்காவாசி ஒல்லி டயர் வண்டி, தண்ணி கேன் கட்டி ஓடுற வண்டி. அதுக்குக் கல்லு மாதிரிதான் வேணும். எம்.டி.பி.க்கு அது விஷம்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நீங்க 70 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 85. உட்கார்ந்து மிதிக்கும்போது அதுல 60 சதவீதம் பின் டயர் மேல. ஏறக்குறைய 50 கிலோ, அதாவது 110 பவுண்ட். டயர்ல 60 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா தரையைத் தொடற பரப்பு ரெண்டு சதுர இன்ச்சுக்கும் கம்மி. 30 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா நாலு சதுர இன்ச்சை நெருங்கும். டயரோட விறைப்பால கொஞ்சம் மாறும், ஆனா விஷயம் இதுதான்: அதே டயர், ஒரு ரூபா செலவில்லாம, மண்ணை ரெண்டு மடங்கு பிடிக்குது.

"காத்து குறைஞ்சா வண்டி இழுக்குமே?" மொழமொழன்னு இருக்கிற ரோட்டுல, ஆமா. கல்லும் மண்ணும் இருக்கிற பாதையில உல்டா. கல்லு மாதிரி இருக்கிற டயர் ஒவ்வொரு கல்லுக்கும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். அந்தத் தூக்கிப் போடறதுக்கான சக்தி உங்க கால்லேருந்துதான் போகுது. மெத்துனு இருக்கிற டயர் கல்லை உள்வாங்கிட்டு உருண்டு போயிடும்.

என்னோட கணக்கு: 70 கிலோ ஆளு, 2.1 இன்ச் டயர், உள்ள ட்யூப். மண் பாதைக்கு முன்னாடி 28லேருந்து 30, பின்னாடி 32லேருந்து 34. சி.டி.எச். ரோட்டுல ஆபீஸ் போய் வர்றதுக்கு 40, 45. உங்க எடை 10 கிலோ கூடினா ரெண்டு மூணு பி.எஸ்.ஐ. ஏத்துங்க. டயர் பக்கவாட்டுல ஒரு ரேஞ்ச் அச்சடிச்சிருப்பாங்க, அந்தக் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழ போகாதீங்க. அதிகபட்ச எண் ஒரு எல்லை, சிபாரிசு இல்ல. ரொம்ப இறக்கிட்டா கல்லுல மோதும்போது ட்யூப் ரிம்முல நசுங்கி ரெண்டு ஓட்டை பக்கத்துல பக்கத்துல விழும், பாம்பு கடிச்ச மாதிரி. அப்படி விழுந்தா மூணு பி.எஸ்.ஐ. ஏத்தணும்னு அர்த்தம். பெட்ரோல் பங்க் மெஷினை நம்பாதீங்க, அது காருக்கானது, நம்ம டயர் ரெண்டு செகண்டுல எங்கேயோ போயிடும். கேஜ் வெச்ச ஃப்ளோர் பம்ப் ஒண்ணு வாங்குங்க. புது டயருக்கு முன்னாடி அதை வாங்குங்க.

சரி, இப்போ மண்ணு. டயர் கேட்டலாக்கை எல்லாம் வெளிநாட்டுக் காட்டை மனசுல வெச்சு எழுதியிருப்பாங்க. நம்ம மேற்குப் பக்கம் மண் வேற.

செங்குன்றத்துக்கு அந்தப் பேரு சும்மா வரல. அந்தப் பக்கம் செம்மண், சரளை. கெட்டித் தரை மேல மிளகைக் கொட்டி வெச்ச மாதிரி குட்டிக் குட்டி உருண்டைக் கல்லு. திரும்பும்போது அது பால் பேரிங் மாதிரி உருளும். இங்க உயரமான பட்டன் உதவாது, குத்தி இறங்க தரை இடமே கொடுக்காது. நடுவுல நெருக்கமா, உயரம் குறைவான பட்டன், ஓரத்துல மட்டும் தடிமனா, கெட்டியா ஒரு வரிசை. அந்த மாதிரி டயர்தான் சரி. மேக்ஸிஸ் ஐகான், ஷ்வால்பே ஸ்மார்ட் சாம் எல்லாம் இந்தக் குடும்பம். இந்தியக் கம்பெனி டயர்லயும் இதே அமைப்பு கிடைக்கும், பேரை விட்டுட்டு அமைப்பைப் பாருங்க.

ஏரி உள்வாய் களிமண் இன்னொரு கதை. காய்ஞ்சா சிமெண்ட். ஐப்பசி கார்த்திகையில அதிரச மாவு. பட்டன் நெருக்கமா இருந்தா ஒரே சுத்துல இடுக்கெல்லாம் அடைச்சு வழுவழுன்னு ஆயிடும். இடைவெளி அதிகமா இருக்கிற டயர் மண்ணை உதறும்னு சொல்லுவாங்க, உண்மைதான். ஆனா நம்ம களிமண்ணுக்கு எந்த டயரும் நிக்காது, ஃபிரேமுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல உருண்டை பிடிச்சு வண்டியே சுத்தாது. அந்த ரெண்டு மாசம் ஏரிக்குள்ள போகாதீங்க. கரை மேல போறதுக்கும், அனுமதி இருக்கிற இடமானு பார்த்துக்கங்க.

இனி நம்ம ஊரோட உண்மையான வில்லன். முள்ளு.

ரெண்டு வகை. ஒண்ணு வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம். எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் இருக்கும். நீளமான முள்ளு, காய்ஞ்ச கிளை பாதையில கிடந்தா ஆணி மாதிரி நேரா ஏறும். இன்னொண்ணு நெருஞ்சி. தரையோட தரையா மஞ்சள் பூ பூத்துக் கிடக்கும், பார்க்க அழகு. இந்த நெருஞ்சி அமெரிக்காவுக்கும் போய்ப் பரவியிருக்கு. அங்க அதோட பேரே ‘பஞ்சர் வைன்’, பஞ்சர் கொடி. ஆட்டுத் தலை மாதிரி ரெண்டு கொம்பு இருக்கறதால ‘கோட்ஹெட்’னும் சொல்லுவாங்க. ஐடஹோ மாநிலத்துல பாய்சினு ஒரு ஊர், அங்க சைக்கிள்காரங்க ‘கோட்ஹெட் ஃபெஸ்ட்’னு திருவிழாவே நடத்தறாங்க, அந்தச் செடியைப் பிடுங்கறதும் அதுல ஒரு பகுதி. அம்பத்தூர் ஏரிக்கு அப்படி ஒண்ணு வந்தா நான் முதல் ஆளா மண்வெட்டியோட நிப்பேன்.

டயர் வாங்கும்போது இந்த ரெண்டு முள்ளுக்கும் வேற வேற பதில். நெருஞ்சி குட்டி முள்ளு. ரப்பர் தடிமனா இருந்தாலே பாதி தடுக்கும். மீதிக்கு சீலண்ட், அதாவது உள்ள ஊத்தற லேடெக்ஸ் கலவை. முள்ளு குத்தின இடத்துல காத்தோட சேர்ந்து வந்து உறைஞ்சு அடைச்சுடும். ட்யூப்லெஸ் ஆக்க உங்க ரிம்மும் டயரும் இடம் கொடுத்தா நல்லது, இல்லன்னா வால்வுக் கோர் கழட்ட வர்ற ட்யூபுக்குள்ளேயே ஊத்தலாம். சென்னை வெயில்ல ரெண்டு மூணு மாசத்துல காய்ஞ்சு போயிடும், திரும்ப ஊத்தணும், அதை யாரும் பாட்டில்ல பெருசா எழுத மாட்டாங்க. வேலிக்காத்தான் அப்படி இல்ல. ஆழமா இறங்கி, சில சமயம் ட்யூபோட மேல் பக்கத்தையும் துளைச்சிடும். அதுக்கு டயருக்கும் ட்யூபுக்கும் நடுவுல லைனர் பட்டை போடலாம். வண்டி கொஞ்சம் மந்தமாகும், ஆனா திருநின்றவூர் தாண்டி நடுப் பாதையில வண்டியைத் தள்ளிட்டு வர்றதுக்கு அது எவ்வளவோ மேல்.

இதனாலதான் டி.பி.ஐ. விஷயத்துல நான் யூடியூப் ரிவ்யூக்களோட ஒத்துப்போக மாட்டேன். டயர் துணியில ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல்ங்கறதுதான் டி.பி.ஐ. 120 இருந்தா மெல்லிசு, லேசு, நல்லா வளையும், விலையும் ஜாஸ்தி. 60, 30 எல்லாம் தடிமன். ரேஸுக்கு 120 சரி. முள்ளுக்காட்டுக்கு 60 போதும், நிம்மதி.

முன்னும் பின்னும் ஒரே டயர் போடணும்னு சட்டம் இல்ல. பின் டயர் வழுக்கினா வண்டி வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளிச்சிடலாம். முன் டயர் வழுக்கினா நேரம் கிடைக்காது, தோள்பட்டை எலும்புதான் முதல்ல தரையைத் தொடும். அதனால நல்ல டயரை, அகலமான டயரை, மெதுவான ரப்பரை முன்னாடி போடுங்க. பின்னாடி சீக்கிரம் தேயும், வேகமா உருளற டயர் போதும். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா முன்னாடிக்குச் செலவு பண்ணுங்க. நிறைய பேர் தேய்ஞ்சது பின் டயர்னு புதுசைப் பின்னாடி மாட்டுவாங்க. முன்னாடி இருக்கிற வெடிச்சுப்போன பழசையும் ஒரு தடவை பாருங்க.

மலைக்குப் போறவங்களுக்குச் சுருக்கமா: ஏலகிரி, ஏற்காடு ஹேர்பின்ல தார் ரோட்டுலயே ஏறி இறங்கறீங்கன்னா பட்டன் டயர் தேவையே இல்ல. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேரும் ஈரப் பாறையும் இருக்கிற பாதைன்னா 2.3, 2.4, ஓரப் பட்டன் உயரமா, ரப்பர் மெதுவா, மேக்ஸிஸ் மினியன் மாதிரி. வனத்துறை அனுமதி வேற விஷயம், டயருக்கு முன்னாடி அதை வாங்குங்க. ரேஸ் பார்க்கிறவங்க கவனிச்சிருப்பீங்க, கிராஸ் கன்ட்ரியிலயே இப்ப டயர் அகலமாயிட்டு வருது, 2.1 இருந்த இடத்துல 2.4 வந்திருக்கு. 2023 அக்டோபர்ல ஆசிய சாம்பியன்ஷிப் கேரளாவுல பொன்முடியில நடந்தது. சென்னையிலேருந்து ஒரு ராத்திரி ரயில்ல போற தூரம்.

ஆனா இதைக் கேக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க வாரத்துல அஞ்சு நாள் பாடி மேம்பாலத்துக்குக் கீழ லாரிகளோட போறவங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் மண்ணு. உங்களுக்கு நடுவுல தொடர்ச்சியான கோடு, ஓரத்துல சின்ன பட்டன், 1.75லேருந்து 2 இன்ச். வேகத்துக்காக மட்டும் சொல்லல. மழை நாள்ல ஜீப்ரா கிராசிங் பெயிண்ட் மேலயும் மேன்ஹோல் இரும்பு மூடி மேலயும் உயரமான பட்டன் டயர் மோசமா வழுக்கும். தரையைத் தொடற ரப்பரே கம்மி, பட்டனும் வளைஞ்சு கொடுக்கும். பின்னாடி தண்ணி லாரி வரும்போது அந்தச் சோதனை வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி, டயர் பக்கவாட்டுல 54-559 மாதிரி ஒரு எண் இருக்கும், அதை போட்டோ எடுத்துக்கங்க. முதல் எண் அகலம், ரெண்டாவது ரிம் விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 559ன்னா 26 இன்ச் எம்.டி.பி., 584ன்னா 27.5, 622ன்னா 29. கடையில வெறும் "26"னு கேட்டா 26 x 1 3/8 கொடுத்துடுவாங்க, அது 590, உங்க ரிம்முல உட்காரவே உட்காராது. 29 வெச்சிருக்கவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 700சியும் அதே 622தான். ரிம் அகலம் ஒத்துவந்தா ஹைப்ரிட் சைக்கிளோட 40, 42 மில்லிமீட்டர் டயரை அப்படியே மாட்டலாம். அகலமா போறவங்க ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவுல ஒரு சுண்டுவிரல் போற இடம் இருக்கானு பார்த்துக்கங்க. மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி சுத்தற திசையில இருக்கணும், கடையில மாட்டினாலும் நீங்க ஒரு தடவை பாருங்க.

அடுத்த எபிசோடு டிஸ்க் பிரேக் கீச்சுனு கத்தறதைப் பத்தி. டயர் சந்தேகம் இருந்தா மெயில் பண்ணுங்க. அந்தப் பக்கவாட்டு எண், உங்க எடை, எந்தப் பாதையில ஓட்டறீங்கங்கறது, மூணையும் எழுதுங்க. மூணும் இல்லாம "பெஸ்ட் டயர் எது ப்ரோ"ன்னு மட்டும் வந்தா, நான் திரும்ப இந்த மூணையும்தான் கேட்பேன்.